ஒரு கூரையும் மூன்று அடுப்பும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

'வீடு' என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாதவர் நம்மில் ஒருவரும் இலர். ஆயினும், 'உங்கள் வீடு எத்தனை வீடு?' என்று யாரேனும் கேட்டால் நாம் சற்றுத் திகைத்துத்தான் போவோம். சென்ற கோடை விடுமுறையில் என் தந்தையார் என்னிடம் கேட்டது ஏறக்குறைய இந்தக் கேள்வியைத்தான்.

மண்டபத்தை அடுத்த கரையோர ஊர் ஒன்றில், பாக் நீரிணையிலிருந்து சுமார் 250 மீட்டர் தொலைவில் இருக்கிறது எங்கள் வீடு. பாட்டனார் கட்டியது, 5 சென்ட் மனை. ஒரே ஓட்டுக் கூரையின் கீழ்ப் பெரியப்பா, என் தந்தையார், சித்தப்பா ஆகிய மூவரின் குடும்பங்களும் வாழ்கின்றன. முற்றம் ஒன்று; தெருவாசல் ஒன்று; கொல்லையில் கழிப்பறை ஒன்று; அடுப்புகள் மட்டும் மூன்று. தை மாதத்தில் பெரியப்பா மகனுக்குத் திருமணம். ஓட்டைப் பிரித்துக் காங்கிரீட் தளம் போட்டு, மேலே ஒரு மாடி எழுப்பலாம் என்று பேச்சு. கட்டட அனுமதிக்கான படிவத்தில் 'குடியிருப்பு அலகுகளின் எண்ணிக்கை' என்றொரு கட்டம் இருந்தது. "நீதான் காலேசு படிக்கிறியேப்பா, இதுல ஒண்ணுன்னு எழுதவா, மூணுன்னு எழுதவா?" என்று படிவத்தை என் முன் வைத்தார் தந்தையார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே உலகத்தில் உள்ள எல்லாப் படிவங்களும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது வீட்டாரின் நம்பிக்கை. வேதியியல் பாடத்தில் இதற்கு விடை இல்லை என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது? விதிகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் எனக்கு வியப்பளித்தவற்றை நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்து கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நம் மாநிலத்தில் எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்பதற்கு அடிப்படை, 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என்று மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இன்னின்ன கட்டலாம் என வகுப்பது இதன் வழி. முன்பு சென்னைக்கு ஒரு விதி, நகராட்சிகளுக்கு ஒரு விதி, ஊராட்சிகளுக்கு ஒரு விதி என்று இருந்தவற்றை ஒன்றாக்கி, 2019 பிப்ரவரியில் 'தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்' வெளியிடப்பட்டன. இவ்விதிகளில் உயரத்துக்கு ஒரு கோடு உண்டு: 18.30 மீட்டருக்கு மேற்பட்டது உயரமான கட்டடம். பரப்புக்கு ஒரு கோடு உண்டு: உயரமல்லாத கட்டடத்துக்குத் தளப் பரப்புக் குறியீடு 2, அதாவது மனையின் பரப்பைப் போல் இரு மடங்கு வரை எல்லாத் தளங்களும் சேர்ந்து இருக்கலாம். எங்கள் 5 சென்ட் என்பது 2,178 சதுர அடி. அப்படியானால் கணக்குப்படி 4,356 சதுர அடி வரை! அத்தனைக்கும் செங்கல் வாங்க எங்களிடம் பணம் இல்லை என்பது வேறு கதை.

உயரத்தையும் பரப்பையும் நாடாவால் அளந்துவிடலாம். அளக்க முடியாத மூன்றாவது கணக்கு ஒன்று இருக்கிறது. அதுதான் அலகுகளின் எண்ணிக்கை. சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டத்தோடு வந்த விதிகளில் நான்கு குடியிருப்பு அலகுகளுக்கு மேல் இருந்தால் அது 'சிறப்புக் கட்டடம்' எனப்பட்டது. விடவேண்டிய இடமும் பிற நிபந்தனைகளும் மாறின. 2019 விதிகள் வெளிவந்தபோது, 12 மீட்டர் உயரத்துக்குள், 750 சதுர மீட்டருக்கு மேற்படாமல், மூன்று அலகுகளுக்குள் உள்ள வீடுகளுக்குப் பணி முடிவுச் சான்று வேண்டியதில்லை என்றனர். (இந்த வரம்பு பின்னர் தளர்த்தப்பட்டது.) அப்போதைய கணக்கில் மூன்று அலகு என்றால் சான்று வேண்டாம், நான்கு என்றால் வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது அடுப்பு மூன்று. மருமகள் வந்து தனி உலை வைத்தால் நான்கு. சுவர் ஒன்றுகூட நகராமல் வீட்டின் வகை மாறிவிடக்கூடும் அன்றோ?

அடுப்பை ஏன் எண்ணுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'தேசியக் கட்டட விதித்தொகுப்பு' என்ற ஒன்று 1970இல் முதலில் வெளிவந்தது. 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தி அமைக்கப்பட்டது. மாநிலங்கள் தத்தம் விதிகளில் சேர்த்துக் கொள்ளும் அளவுக்கே இதற்குச் சட்ட வலிமை உண்டு எனினும், நாடெங்கும் கட்டட விதி எழுதுவோர் முதலில் புரட்டும் நூல் இதுவே. வாழ்வதற்கும், சமைப்பதற்கும், கழிப்பிடத்துக்கும் தனித்தனி வசதியுடைய சுதந்திரமான இருப்பிடமே குடியிருப்பு அலகு என்பது இதன் வரையறை. கூரையைப் பற்றியும், உறவைப் பற்றியும், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பற்றியும் இதில் ஒரு சொல்லும் இல்லை!

இந்த வரையறையை அப்பத்தாவிடம் விளக்கிச் சொன்னேன். "இதுக்கு ஒரு புத்தகமா? உலை தனியாப் போச்சுன்னா குடும்பம் தனியாப் போச்சு. இது எங்க ஆத்தாவுக்கே தெரியும்" என்று வெற்றிலையை மடித்துக் கொண்டார். உண்மைதான். நம் ஊர்களில் பாகப் பிரிவினை நடந்ததா என்று யாரும் கேட்பதில்லை. 'தனி உலை வைத்துவிட்டார்களா?' என்றே கேட்பார்கள். மக்கள் தொகைக் கணக்கெடுப்புத் துறையும் அப்பத்தாவின் கட்சியே. வழக்கமாக ஒன்றாக வாழ்ந்து ஒரே சமையலில் உண்பவர்கள் ஒரு குடும்பம் என்பது அவர்கள் வரையறை. உறவினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் 'வீடு' என்பதற்கு அவர்களே வேறு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். தெருவிலிருந்தோ, பொது முற்றத்திலிருந்தோ, படிக்கட்டிலிருந்தோ தனி நுழைவாயில் உள்ளதுதான் வீடு. ஆக, குடும்பத்துக்கு அடுப்பு; வீட்டுக்கு வாசல். நம் மாநிலத்தின் குடும்ப அட்டையும் தனிச் சமையலைப் பார்த்தே தரப்படுகிறது.

இப்போது எங்கள் வீட்டை இவற்றில் பொருத்திப் பாருங்கள். அடுப்பால் எண்ணினால் மூன்று. முற்றத்தைப் பார்த்த அறை வாசல்களை எண்ணினாலும் மூன்று. தெருவாசலால் எண்ணினால் ஒன்று. கழிப்பறையால் எண்ணினாலும் ஒன்று. விதித்தொகுப்பு சமையலும் கழிப்பிடமும் இரண்டுமே தனியாக இருக்க வேண்டும் என்கிறது. எனவே கண்டிப்பாகப் படித்தால் எங்கள் வீடு மூன்று அலகும் அல்ல. மூன்று குடும்பம் இருப்பதால் ஒரே அலகு என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு முடிவு வந்தால் எங்கள் ஆசிரியர் 'திரும்பச் செய்' என்பார்.

இது எங்கள் ஒரு வீட்டின் தொல்லை மட்டுமன்று. தமிழ்நாட்டில் மக்கள் கூடி வாழ்ந்த வீடுகளுக்கு எத்தனை பெயர்கள்! ஒண்டுக் குடித்தனம், லைன் வீடு, வளவு வீடு, மதுரைப் பக்கம் காம்பவுண்டு வீடு, திருவல்லிக்கேணியில் ஸ்டோர் வீடு, மேன்ஷன். காம்பவுண்டு வீட்டில் தனி அடுப்பும் பொதுக் குழாயும் பொதுக் கழிப்பறையும்தான் வழக்கம். (வேதியியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். சேர்மத்தில் தனிமங்கள் தம் இயல்பை இழந்துவிடும்; கலவையில் இழப்பதில்லை. அப்படிப் பார்த்தால் காம்பவுண்டு வீடு உண்மையில் ஒரு கலவையே!) மண்டபம் முகாமில் இலங்கைத் தமிழர் பல ஆண்டுகளாக வாழ்ந்துவரும் வரிசை வீடுகளும் இத்தகையனவே. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு, மாநிலத்திலுள்ள இத்தகைய முகாம்களில் பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தது. சுவரைப் பங்கிட்டுக் கொண்டு வாழ்ந்தவர்களுக்கு, தமக்கென ஒரு கதவும் ஒரு கழிப்பறையும் என்பது எவ்வளவு பெரிய செய்தி என்பதை அவ்வழியே பேருந்தில் போய்வரும் எங்களூர்க்காரர்கள் அறிவார்கள்.

தேசிய விதித்தொகுப்பு, மக்கள் தங்கும் கட்டடங்களை 'அ' தொகுதி என்று வைத்து உட்பிரிவு செய்கிறது. முதலாவது தங்கும் விடுதி: தனித்தனிப் படுக்கை வசதி உண்டு, ஆளுக்கு ஆள் சமைக்கும் வசதி இல்லை. இரண்டாவது தனி வீடு: ஒன்று அல்லது இரண்டு குடும்பத்தார் வாழ்வது, மொத்தம் 20 பேருக்கு மேல் படுக்கக்கூடாது, வெளியாருக்கு அறை வாடகைக்கு விட்டால் அறைக்கு மூன்று பேருக்கு மேல் கூடாது. மூன்றாவது கூட்டு உறைவிடம்: ஒரே குடும்பத்தவர் அல்லாதோர் ஒரே நிர்வாகத்தின் கீழ்த் தங்குவது, நம் கல்லூரி விடுதி இதில் சேரும். நான்காவது அடுக்ககம்: மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குடும்பங்கள், தனித்தனிச் சமையலோடு. இதற்கு எடுத்துக்காட்டாக 'மேன்ஷன்' என்பதையும் சேர்த்திருக்கிறார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கி, மெஸ்ஸில் சாப்பிட்டு வேலை தேடிய நம் அண்ணன்மார்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே ஏது அடுப்பு?

இராமேசுவரத்துக்காரர்களுக்கு இரண்டாவது பிரிவே முக்கியமானது. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் தீவு கொள்ளாத கூட்டம். சத்திரங்களும் லாட்ஜுகளும் நிரம்பியபின், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் முன்னறையை யாத்திரிகர்களுக்கு விட்டுவிட்டுப் பின்கட்டில் ஒண்டிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. விதித்தொகுப்பின்படி அறைக்கு மூவர், மொத்தம் இருபதின்மர் வரை அது வீடே. இருபத்தொன்றாவது ஆள் பாயை விரித்த நொடியில் அது வேறு பிரிவுக்குப் போய்விடுகிறது. இது கேலிக்குச் சொல்வதன்று. தீ விபத்து நேர்ந்தால் வெளியேற எத்தனை வழி, படிக்கட்டு எவ்வளவு அகலம் என்பதெல்லாம் இந்தப் பிரிவைப் பொறுத்தே அமைகின்றன. ஆகவே ஆள் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது.

கடலோரத்தில் வாழ்வோருக்கு இன்னொரு விதியும் உண்டு. 1991 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கிராமப்புறக் கரைகளில் கடல் ஏற்றக் கோட்டிலிருந்து 200 முதல் 500 மீட்டருக்குள், மீனவ ஊர்கள் போன்ற மரபுரிமை உள்ள இடங்களில் வீடு கட்டலாம் என்றது. ஆனால் நிபந்தனைகள் பல. உயரம் 9 மீட்டர். தரைத்தளமும் ஒரு மாடியும் மட்டும். மொத்தக் குடியிருப்பு அலகுகள் ஏற்கெனவே உள்ளவற்றின் இரு மடங்குக்கு மேற்படக் கூடாது! இதைப் படித்தபோது நான் நெடுநேரம் யோசித்தேன். 1991இல் எங்கள் வீட்டில் பாட்டனாரின் ஒரே அடுப்புதான். எங்கள் வீட்டை மட்டும் வைத்துப் பார்த்தால், இரு மடங்கு என்பது இரண்டு. பாட்டனாருக்கோ மூன்று பிள்ளைகள்! சித்தப்பா கல்யாணம் செய்து கொண்டதே சட்ட மீறலோ என்று வீட்டில் சிரித்துக் கொண்டோம்.

2011ஆம் ஆண்டின் அறிவிக்கையில் அந்த இரு மடங்கு நிபந்தனை இல்லை. ஒன்பது மீட்டரும் இரண்டு தளமும் நிலைத்தன. 2019 அறிவிக்கை கிராமப்புறக் கரையை மக்கள் நெருக்கத்தைக் கொண்டு இரண்டாகப் பிரித்தது. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடத்தில் கட்டுமானம் கூடாத பட்டை 50 மீட்டர். மற்ற இடங்களில் 200 மீட்டர். கரையோர மக்கள் தம் வீட்டின் அடித்தளப் பரப்பையும் முகப்பையும் மாற்றாமல் விருந்தினரைத் தங்க வைத்துப் பிழைக்கலாம் என்றும் அது அனுமதிக்கிறது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கடலுக்கு அருகில் கட்டாதே என்று சொல்வதை நாங்கள் வெறுக்கவில்லை. ஆனால் கடல் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்பது வேறு. வீட்டுக்குள் எத்தனை அடுப்பு எரிகிறது என்பது வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் விதித்ததுதான் எனக்கு விளங்கவில்லை.

அயல்நாட்டில் இக்கதை வேறு விதமாக நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பல ஊர்கள் தனிக் குடும்ப வீடுகளுக்கென்றே மண்டலம் வகுத்து, அடுக்ககங்களை வெளியே நிறுத்தின. பிறகு 'குடும்பம் என்றால் யார்?' என்பதையும் விதியில் எழுதின. நியூயார்க் மாநிலத்தின் பெல் டெர் என்ற சிற்றூரில், இரத்த உறவோ திருமண உறவோ தத்தோ இல்லாதவர்கள் இருவருக்கு மேல் ஒரு வீட்டில் கூடி வாழக்கூடாது என்று விதி. ஆறு கல்லூரி மாணவர்கள் அங்கே வீடு எடுத்துத் தங்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1974இல் ஏழு நீதிபதிகள் ஊரின் பக்கம், இருவர் மாறுபட்டனர், ஊரே வென்றது. மூன்று ஆண்டுகள் கழித்து இன்னும் விந்தையான வழக்கு. ஒஹையோ மாநிலத்து ஈஸ்ட் கிளீவ்லாந்தில் ஐனெஸ் மூர் என்ற பாட்டி, ஒரு மகனோடும் இரண்டு பேரப்பிள்ளைகளோடும் வாழ்ந்து வந்தார். பேரன்கள் இருவரும் உடன்பிறந்தவர்கள் அல்லர். வேறு வேறு பிள்ளைகளின் மக்கள். அதனால் இது 'ஒரு குடும்பம்' ஆகாது என்று ஊர் விதி சொல்லிற்று. பாட்டிக்கு ஐந்து நாள் சிறையும் 25 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. 1977இல் உச்ச நீதிமன்றம் இத்தண்டனையை நீக்கி, பாட்டி பேரன் உறவை ஊர் விதி துண்டாட முடியாது என்றது. அப்பத்தாவிடம் இதையும் சொன்னேன். "பேரனை வச்சுச் சோறு போட்டதுக்கா செயிலு?" என்று நெடுநேரம் ஆறவில்லை.

இரத்தத்தை எண்ணும் விதியைவிட அடுப்பை எண்ணும் நம் விதி மேலானது என்றே நான் கருதுகிறேன். அது யார் யாருக்கு உறவு என்று துருவுவதில்லை. ஆயினும் அது எழுத்தில். தெருவில் நிலைமை வேறு.

இராமநாதபுரத்தில் நானும் நான்கு நண்பர்களும் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஐவரும் ஐந்து ஊர். முறை வைத்துச் சமைத்தோம், அடுப்பு ஒன்றே. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் வீட்டுக்காரர் வந்து, "தம்பி, அக்கம்பக்கத்துல லாட்ஜு மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. குடும்பத்துக்குத்தான் விடணும்னு நெனைக்கிறேன்" என்று தலையைச் சொறிந்தார். அவர் கெட்டவர் அல்லர். பத்து நாளில் காலி செய்தோம். ஒருவன் உறவினர் வீட்டுக்குப் போனான். நான் மண்டபத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து தேர்வெழுதினேன்.

விதித்தொகுப்பைப் படிக்கும்போது எங்களை அதில் தேடினேன். தங்கும் விடுதியா? அல்ல, நாங்கள் சமைத்தோம். தனி வீடா? அல்ல, நாங்கள் ஒரு குடும்பமும் அல்ல, இரு குடும்பமும் அல்ல. கூட்டு உறைவிடமா? எங்களுக்கு நிர்வாகம் ஏது? அடுக்ககமா? அடுப்பு ஒன்றே. ஐந்து மாணவர்கள் ஒரு சோற்றுப் பானையைச் சுற்றி உட்கார்ந்தால் அதற்கு ஓர் உட்பிரிவு இல்லை! மக்கள் தொகைக் கணக்கெடுப்பு மட்டும் எங்களை ஒரு குடும்பம் என்று ஏற்றுக்கொள்ளும். ஒரே சமையல் அல்லவா?

விடுதிகளைப் பற்றிய குழப்பம் நீதிமன்றத்துக்கும் வந்தது. மகளிர் விடுதி அறை வாடகைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி உண்டு என்று வரித்துறைத் தரப்பில் கூறப்பட்டது. வீட்டு வாடகைக்கோ அவ்வரி இல்லை. 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், விடுதி அறையும் அதில் தங்குபவருக்குக் குடியிருப்பே என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூனில் கூடிய வரி மன்றம், ஆளுக்கு மாதம் ரூ.20,000க்கு மிகாமல், தொடர்ந்து 90 நாளேனும் தங்குவோருக்கு விலக்களிக்கப் பரிந்துரைத்தது. இங்கே அடுப்பும் இல்லை, உறவும் இல்லை. எத்தனை நாள் தங்குகிறார் என்பதே அளவு. எனக்கு இது பிடித்திருக்கிறது. அமாவாசைக்கு ஒரு நாள் வந்து போகும் யாத்திரிகரையும், மூன்றாண்டு படிக்க வந்த மாணவனையும் பிரித்துக் காட்டக் கூடியது தங்கும் காலம்தான். கட்டட விதிகளிலும், உறவில்லாத ஆறேழு பேர் ஒரே சமையலில் நெடுநாள் வாழ்ந்தால் அதுவும் ஒரு குடியிருப்பு அலகே என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? வீட்டுக்காரர் அக்கம்பக்கத்தாரிடம் காட்ட அவர் கையிலும் ஒரு தாள் இருக்குமே.

எங்கள் படிவத்துக்கு வருகிறேன். 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள், ஒரு மாடி வரை வீடு கட்டுவோருக்குச் சுயசான்று முறை வந்துள்ளது. மனை அளவு எங்களுக்குப் பொருந்துகிறது. கடலோர மண்டலம் என்பதால் அதற்கான ஒப்புதலை முதலில் பார்க்க வேண்டும் என்று தந்தையாரிடம் சொல்லியிருக்கிறேன். வரைபடத்தில் மாடிக்கு ஒரு கழிப்பறையைச் சேர்க்கச் சொன்னதும் நானே. கீழே மூன்று அடுப்பு, ஒரு கழிப்பறை. மேலே ஓர் அடுப்பு, ஒரு கழிப்பறை. விதித்தொகுப்பின் வரையறையைக் கண்டிப்பாகப் படித்தால், மூன்று குடும்பம் வாழும் கீழ்த்தளம் ஒன்று, இன்னும் வந்து சேராத மருமகளின் மாடி ஒன்று, ஆக இரண்டு. பெரியப்பாவுக்கு இதில் சம்மதம் இல்லை. "என் அடுப்பை எதுலடா சேர்த்தே?" என்கிறார். இப்போதைக்குப் பென்சிலால்தான் எழுதி வைத்திருக்கிறோம்.